சின்னத்துரை மாமா உப்புப் பார்த்த கதை

நான் ஓய்வு பெறுவதற்கு முதல் வாரம் எங்கள் கிளினிக்குக்கு ஒரு சின்னப் போத்தல் வந்தது. உள்ளே நெருப்புக்குச்சி போல மெல்லிய கடதாசித் துண்டுகள். ஒன்றைச் சிறுநீரில் தோய்த்து, போத்தலில் ஒட்டியிருக்கும் நிறங்களோடு பிடித்துப் பார்த்தால் சீனி எவ்வளவு என்று தெரிந்துவிடும். புதிதாக வந்திருந்த தாதி ஒருத்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, இது இல்லாத காலத்தில நீங்கள் என்னண்டு பார்த்தனீங்கள்? வருத்தக்காரர் சொல்லுறதை அப்பிடியே நம்பினனீங்களோ?"

முதல் கேள்விக்கு அங்கேயே பதில் சொன்னேன். நோயாளிகளை நம்புவது பற்றிய இரண்டாவதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பதில் சொல்வதென்றால் என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று நீட்டு வாங்கில்களில் நாற்பது பேர் குந்திக் காத்திருந்தார்கள். ஆகவே இப்போது, வீட்டில் இருந்து ஆறுதலாக எழுதுகிறேன்.

கொழும்பில் மூன்று வருடம் தாதிப் பயிற்சி. கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கவும், வீட்டை நினைத்து அழாமல் இருக்கவும் அங்கே பழகினேன். பிறகு இரண்டு ஊர்களில் வேலை. மாற்றம் கேட்டுக் கேட்டுக் கடைசியில் சொந்த ஊரான திருகோணமலைக்கே வந்து சேர்ந்தேன். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. என்னைச் செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் சீனி வருத்தக்காரருக்காக நடக்கும் சலரோகக் கிளினிக்கில் போட்டார்கள்.

அங்கே என் முக்கிய வேலை சிறுநீர் காய்ச்சுவது. சோதனைக் குழாயில் நீல நிற மருந்துத் தண்ணீர் ஒரு தேக்கரண்டி அளவு. அதில் எட்டுத் துளி சிறுநீர், ஏழும் கூடாது, ஒன்பதும் கூடாது. ஸ்பிரிட் விளக்கின் மேல் குழாயைச் சரித்துப் பிடிக்க வேண்டும். வாய்ப்பக்கம் யாருடைய முகத்தையும் பார்க்கக் கூடாது, கொதித்தால் பீறிட்டு அடிக்கும். இரண்டு நிமிடம் கொதித்ததும் தாங்கியில் வைத்து ஆறவிட வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சளானால் கவனம். செங்கல் நிறத்தில் அடியில் மண்டி படிந்தால், அந்த ஆளை டொக்டர் கடைசிவரை வீட்டுக்கு விடமாட்டார்.

டொக்டர் அருளப்பு மெலிந்த மனிதர். ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. நோயாளி வந்து கதிரையில் இருந்ததும் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். பிறகு, "நேற்றுக் காலையில இருந்து சொல்லுங்கோ" என்பார். என்ன சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள் எல்லாவற்றையும் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார். "சாப்பிடாதேங்கோ" என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "இதில எதைக் குறைக்கலாம் எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தாதிகளை மிஸி என்று கூப்பிடுகிற அவர் எனக்குச் சொன்னது ஒரே ஒரு விதி: "மிஸி, வருத்தக்காரர் எங்களுக்குப் பொய் சொன்னால், நாங்கள் அவரைப் பயப்படுத்திப்போட்டம் எண்டு அர்த்தம்."

அது எனக்குக் காதில் ஏறியது. மண்டையில் ஏறவில்லை.

சின்னத்துரை மாமா என் அம்மாவின் அண்ணன். அப்பா இறந்தபின் எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்த்தவர். குமர்ப்பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பக் கூடாது என்று சொந்தக்காரர் எல்லாரும் நின்றபோது, "போகட்டும், வருத்தம் பார்க்கத்தானே போகுது" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு ரயிலேறியவர். பெயர்தான் சின்னத்துரை. எங்கள் வீட்டு வாசலுக்குள் அவர் நேராக வரமுடியாது, கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி வருவார். கடற்படைக் குசினியில் இருபத்திரண்டு வருடம் சமைத்தவர். அது மூடியதும் கலியாண வீடுகளுக்குச் சமைக்கத் தொடங்கினார். மூதூரிலிருந்து நிலாவெளிவரை அவரில்லாமல் ஒரு நல்ல காரியம் நடந்ததில்லை. பாக்கியம் மாமி அவருக்கு நேர்மாறு. ஈர்க்கு மாதிரி இருப்பா. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அம்மாவும் போனபின் நான்தான்.

சாம்பல்தீவில் ஒரு கலியாண வீட்டில் சமைக்கும்போது மாமா அடுப்படியில் தணலை மிதித்திருக்கிறார். வலது காலின் சின்னவிரல் பக்கம் வெந்து கொப்புளித்துப் போயிற்று. அடுத்த நாள் மாமி கண்டு சொல்லும்வரை அவருக்குத் தெரியாது. "நோகேல்லை பிள்ளை, ஒண்டுமில்லை" என்று அவர் சிரித்தார். நோகாததுதான் எனக்குப் பயமாக இருந்தது, சீனி வருத்தம் காலை மரக்கப் பண்ணும். அந்தச் செவ்வாய்க்கிழமையே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

நிறுக்கும் மெசினின் குண்டை நகர்த்திக்கொண்டே போனேன். இருநூற்றுப் பதினெட்டு இறாத்தல், கிட்டத்தட்ட நூறு கிலோ. சிறுநீர் செங்கல் சிவப்பு. டொக்டர் கடிகாரத்தைக் கழற்றினார்.

"நேற்றுக் காலையில இருந்து சொல்லுங்கோ ஐயா."

"காலமை ஒண்டுமில்லை டொக்டர். ஒரு தேத்தண்ணி."

"சீனி?"

"ஐயோ, சீனி தொடுறேல்லை. ரின்பால்தான்."

"எத்தினை கரண்டி?"

"கரண்டி பாவிக்கிறேல்லை. ஊத்துறனான்."

டொக்டர் எழுதினார். பேணியில் வரும் அந்தக் கட்டிப்பாலில் பாதி சீனிதான். "மத்தியானம்?"

"ஒரு கலியாண வீட்டுச் சமையல். அங்க நான் ஒண்டும் சாப்பிடேல்லை. உப்புத்தான் பார்த்தனான்."

"எத்தினை கறி?"

"பதினொண்டு."

"ஒவ்வொண்டையும் எத்தினை தரம் பார்ப்பீங்கள்?"

"கொதிக்கேக்க ஒருக்கா, இறக்கேக்க ஒருக்கா. பாயாசமெண்டால் நாலைஞ்சு தரம் பார்க்கவேணும் டொக்டர், அது லேசில பிடிபடாது."

டொக்டர் முகம் மாறாமல் அதையும் எழுதினார். விழுங்கக் குளிசை கொடுத்தார். சோற்றைப் பாதியாக்குவதாகவும் ரின்பாலை விடுவதாகவும் மாமாவே ஒத்துக்கொண்டார். காலை எழுந்ததும் எடுத்த சிறுநீரை ஒவ்வொரு செவ்வாயும் போத்தலில் கொண்டுவர வேண்டும். காலுக்கு நான் வீட்டில் தினமும் மருந்து கட்ட வேண்டும். அவர் போனபின் டொக்டர் அட்டையைப் பார்த்தபடி, "உப்புப் பார்த்தே இருநூற்றுப் பதினெட்டு" என்றார். அப்போதும் சிரிக்கவில்லை.

வீட்டில் நான் பொலிஸ் ஆகிவிட்டேன். சீனிப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். குசினியில் சட்டி மூடி சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒருநாள் அயல்வீட்டார் முன்னால், "காலை வெட்டினாப் பிறகுதான் உங்களுக்குப் புத்தி வரும்" என்று கத்தியும் விட்டேன். மாமா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

பலன் கிடைத்தது. அடுத்த செவ்வாய் சிறுநீர் நீலம். அதற்கடுத்த செவ்வாயும் நீலம். மூன்றாம் செவ்வாய், கடல் போல நீலம். நான் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து டொக்டருக்குக் காட்டினேன். என் கெட்டித்தனம் என்றே நினைத்தேன்.

ஆனால் மெசின் குண்டு நகரவில்லை. இரண்டு இறாத்தல் குறைந்து, மூன்று இறாத்தல் ஏறியது. காலின் புண்ணும் மூடவில்லை. ஓரங்கள் வெள்ளையாகி, கட்டுத்துணியில் மணம் வரத் தொடங்கியது. வேறு யாராவது என்றால் முதல் வாரமே சந்தேகப்பட்டிருப்பேன். மாமா என்றபடியால் அந்த எண்ணம் எனக்கு வரவேயில்லை. டொக்டர் மட்டும் அட்டையை அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த கிழமை காலமைச் சலம் வேண்டாம் ஐயா. மத்தியானம் சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார்.

அடுத்த செவ்வாய் மாமா போத்தலை என் கையில் தந்துவிட்டு முன்வரிசையில் வீரமாக இருந்தார். எட்டுத் துளி விட்டேன். விளக்கில் பிடித்தேன். நீலம் கலங்கியது, பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. இரண்டு நிமிடம் முடியும்போது ஒரேஞ்சுத் தோடம்பழ நிறம்.

மாமா எழுந்து வந்து குழாயைப் பார்த்தார். அவருக்கும் இதற்குள் நிறங்கள் பாடம்.

"பிழை பிள்ளை! மாத்திப் போட்டாய்!" என்று கத்தினார். "இதில சீனி இருக்க ஏலாது. அவள் தேத்தண்ணியைக்கூட சீனி போடாமல் குடிக்கிறவள்!"

"ஆர் அவள்?" என்று கேட்டேன்.

மாமா என்னைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார், பிறகு தன் வயிற்றைப் பார்த்தார்.

"மாமி" என்றார், மெல்லிய குரலில்.

முதல் வாங்கிலில் இருந்த கிண்ணியா முஸ்லிம் காக்கா ஒருவர்தான் முதலில் சிரித்தார். பிறகு காத்திருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபத்தில் காதெல்லாம் சுட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து வந்து மாமாவைக் கதிரையில் இருத்தினார்.

"ஐயா, நீங்கள் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறீங்கள்" என்றார். "அம்மாவுக்கும் சீனி வருத்தம் இருக்குது போல, வெறுவயித்தில காட்டாமல் சாப்பிட்டாப் பிறகு காட்டுது. இதில்லாட்டி எங்களுக்குத் தெரிய வந்திராது. நாளைக்கு அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இப்ப போய் உங்கட சொந்தச் சலத்தைத் தாங்கோ."

மாமாவின் முகத்தில் இருந்த வெட்கம் அப்படியே வற்றிப்போயிற்று. "பாக்கியத்துக்கோ?" என்றார். "அவள் ஒண்டும் சாப்பிடுறவளில்லையே டொக்டர். மெலிஞ்சுகொண்டெல்லோ போறாள்?"

"ஓம். அதுதான்" என்றார் டொக்டர்.

மாமாவின் குழாய் செங்கல் சிவப்பில் மண்டி கட்டி நின்றது. அன்றே அவரை வார்ட்டில் மறித்தார்கள். எல்லாரும் போனபிறகு குழாய்களைக் கழுவிக்கொண்டு நின்ற என்னிடம் டொக்டர் வந்தார். "மிஸி, உங்கட மாமா ஆருக்குப் பயந்தவர்? எனக்கோ?" என்று மட்டும் கேட்டார். நான் குழாயைக் கழுவிக்கொண்டே இருந்தேன். அயல்வீட்டார் முன்னால் நான் கத்தியது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. மூன்று வாரம் வீணாகியது அவருடைய பொய்யால் மட்டும் அல்ல.

வார்ட்டில் இன்சுலின் தொடங்கினார்கள். ஆனால் புண் உள்ளே போய்விட்டிருந்தது. சத்திரவைத்தியர் வந்து பார்த்தார். விரலோடு நிற்கலாம், தாமதித்தால் பாதம், பிறகு முழங்கால் என்றார். சின்னவிரலை எடுத்தார்கள். அன்று நான் வேலையில் இருந்தும் அந்தப் பக்கம் போகவில்லை. மருந்து அறையில் நின்று அழுதேன். பின்னேரம் போய்க் கட்டிலடியில் நின்றபோது மாமா கண்ணைத் திறந்தார்.

"நான்தான் மாமா பிழை விட்டனான்" என்றேன்.

"விசர்க்கதை கதையாதை" என்றார். "சின்னத்துரையின்ர சின்னவிரல்தானே போனது? பெரியதுரையெல்லாம் இருக்கினம்." பிறகு, "நீ ஏசேக்க உன்ர அம்மா மாதிரியே இருக்கிறாய் பிள்ளை. அவளுக்கும் பயந்துதான் நான் நேவியில சேர்ந்தனான்" என்றார்.

மாமிக்குக் குளிசையும் அளவுச் சாப்பாடும் போதும் என்றார் டொக்டர். மாமாவுக்கு வீட்டிலும் சில மாதம் ஊசி வேண்டும். தனக்குத் தானே குத்த மாமாவால் ஏலாது. மாட்டின் தொடையை ஒரே வெட்டில் பிளக்கிற மனிதர் ஊசியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்வார். ஆகவே மாமிக்குப் பழக்கினேன். கண்ணாடிச் சிறிஞ்சை அவித்து எடுப்பது, மருந்தைக் கோட்டுக்கு இழுப்பது, காற்றுக்குமிழியைத் தட்டி வெளியேற்றுவது. ஒரு தோடம்பழத்தில் இரண்டு நாள் குத்திப் பழகினா. மூன்றாம் நாள் மாமாவின் தொடையில் ஒரு நடுக்கமும் இல்லாமல் குத்திவிட்டு, "முப்பது வருசமா இவரை எங்கயாவது குத்தவேணும் போலதான் இருந்தது" என்றா. வார்ட்டில் பக்கத்துக் கட்டில்காரர் சிரித்த சிரிப்பில் அவருடைய தையலே பிரிந்திருக்கும்.

வீட்டுக்குப் போகும் நாளில் மாமா டொக்டரிடம் கேட்டார்: "பாக்கியத்துக்கு ஒரு நேரத்துக்கு எவ்வளவு சோறு?"

"ஒரு கோப்பை."

"எந்தக் கோப்பை? குவிச்சோ, தட்டியோ? அவிச்சோ, அவிக்காமலோ?"

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"நேவியில ஆளுக்கு இத்தினை அவுன்ஸ் எண்டு நிறுத்துத்தான் போட்டனாங்கள்" என்றார் மாமா. "ஒருத்தனுக்குக் கூடினால் மற்றவனுக்குக் குறையும். நீங்கள் அளவைச் சொல்லுங்கோ டொக்டர், மிச்சத்தை நான் பார்க்கிறன்."

பூட்டும் பொலிசும் செய்யாததை அந்த அளவு செய்தது. மாமா சமையலைத் தன் கையில் எடுத்தார். மூன்று தேநீர்க் கோப்பைகளின் உட்பக்கத்தில் கத்தியால் கோடு கீறினார். குரக்கன் பிட்டு, முருங்கையிலைச் சுண்டல், பாலில்லாத மீன் குழம்பு, பாகற்காய். கூடுதலான தேங்காய்ப்பால் இல்லாமல் ஒரு கறியை ருசியாக்குவது எப்படி என்று யோசித்து யோசித்து, கொறுக்காய்ப்புளியும் மிளகும் வறுத்த சீரகமும் போட்டு ஒரு சொதி கண்டுபிடித்தார். அவர்கள் இருவரின் கோப்பைகளிலும் கோடு வரைக்கும் சோறு. மூன்றாவது என்னுடையது, அதற்கும் அதே கோடு.

"மாமா, உங்கட உடம்புக்கு டொக்டர் கொஞ்சம் கூடச் சொன்னவரெல்லோ?" என்று கேட்டேன்.

"நான் ஒண்டரைக் கோப்பையும் அவள் ஒரு கோப்பையும் எண்டால், அவளுக்கு எப்பிடித் தொண்டையால இறங்கும்?" என்றார்.

அவர் தனக்காக ஒரு கவளத்தையும் விட்டவரில்லை. மாமியின் தட்டைப் பார்த்துத்தான் விட்டார்.

எல்லாம் நேராக நடந்தது என்று சொல்லமாட்டேன். ஒருநாள் அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் ஒரு ரின்பால் பேணி அகப்பட்டது. நான் கண்டேன். வாயைத் திறக்கவில்லை. அந்தச் செவ்வாய் கிளினிக்கில் மாமா தானாகவே, "நேற்றுக் காலையில இருந்து சொல்லுறன் டொக்டர்" என்று தொடங்கி, "முக்கால் பேணி ரின்பால்" என்று முடித்தார்.

டொக்டர் எழுதினார். "மிச்சக் கால்?"

"அதுக்குள்ள எறும்பு வந்திட்டுது."

கலியாண வீட்டுச் சமையலுக்குத்தான் பெரிய வழக்கு நடந்தது. உப்புப் பார்த்துவிட்டுத் துப்பலாமே என்றார் டொக்டர். மாமாவுக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. "என்ர கறியை நானே துப்பினால் சனம் என்ன நினைக்கும்?" கடைசியில் அவரே வழி கண்டார். வெள்ளைக்கார ஒஃபிசர்மார் சாப்பாட்டு மேசையில் கடுகு எடுக்கிற, விரல்நகமளவு கரண்டி ஒன்று அவருடைய பெட்டியில் கிடந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். பெரிய கிடாரத்தின் முன்னால் அந்த உடம்போடு நின்று, அந்தக் கரண்டியை இரண்டு விரலால் பிடித்துப் பாயாசம் பார்ப்பதைக் காணவென்றே பெண்கள் சமையல் கொட்டிலுக்கு வந்தார்கள்.

பின்னேரங்களில் மாமாவும் மாமியும் கடற்கரையில் நடந்தார்கள். முதலில் அரசாங்கக் கந்தோரான கச்சேரிப் பக்கம்வரை, பிறகு கோட்டை வாசல்வரை. அடி மெத்தென்ற தோல் செருப்பு ஒன்று தைப்பித்தேன், வெறுங்காலோடு நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்று கட்டளை. ஒவ்வொரு இரவும் படுக்குமுன் மாமி அவருடைய பாதத்தை விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்ப்பா. அவர் அவவுடைய பாதத்தைப் பார்ப்பார். ஒரு வருடத்தில் குண்டு நூற்று எழுபத்திரண்டில் வந்து நின்றது. இன்சுலின் நின்று குளிசை மட்டும் போதும் என்றாயிற்று. புதிய நோயாளிகள் வந்தால் டொக்டர் அவர்களை முதலில் மாமாவுக்குப் பக்கத்தில் வாங்கிலில் இருத்துவார். கோப்பையில் கோடு எங்கே கீறுவது என்று மாமா அங்கேயே பாடம் எடுப்பார்.

மாமா அதற்குப் பின் பதினொரு வருடம் இருந்தார். மாமி இன்னும் என்னோடு இருக்கிறா. எனக்கு ஆகவும் நினைவில் நிற்பது, அந்த ஒரு வருடம் முடிந்த வெள்ளிக்கிழமை.

கோணேசர் கோயிலுக்கு ஏறவேண்டும் என்றா மாமி. மலைப்பாதையை மாமா கடைசியாக ஏறியது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. கல் சுடுமுன் போய்வரலாம் என்று விடியவே புறப்பட்டோம். கோட்டைக்குள் மான்கள் மரத்தடியில் படுத்திருந்தன. மாமா நடுவில் இரண்டு தரம் நின்றார், இருக்கவில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் நான் குந்தியிருந்து இரண்டு பாதங்களையும் துடைத்துப் பார்த்தேன். ஐயர்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பூசை முடிந்து வெளியே வந்து, கடலைப் பார்த்தபடி படியில் இருந்தோம். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா.

"நீங்கள் என்ன கேட்டனீங்கள்?" என்று மாமாவிடம் கேட்டா.

"கேட்க நினைச்சதைக் கேட்கேல்லை" என்றார் மாமா. "நீ பக்கத்தில நிண்டாய்."

ஐயர் வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து மாமாவின் கையில் வைத்தார். நெய்யும் ஏலக்காயும் மணத்தன. மாமா அதைக் கண்ணில் ஒற்றினார். கடுகளவு கிள்ளித் தன் வாயில் வைத்தார், கடுகளவு மாமியின் வாயில் வைத்தார். மிச்சத்தை இலையோடு என் மடியில் வைத்தார்.

"நீ சாப்பிடு பிள்ளை. ஒரு வருசமா எங்களோட சேர்ந்து நீயும் அரை வயிறு."

நான் சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடவில்லை. இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்பிடி இருக்குது?" என்று மாமா கேட்டார்.

அமிர்தமாக இருந்தது. "சர்க்கரை கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன்.

மாமாவின் முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும்" என்றார். "உப்பும் போடேல்லை."